ஈரம் புகாத இடம்

என் மகளுக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். காலில் நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் எங்காவது விழுந்திருப்பாள் என்று விட்டுவிட்டோம். ஒருநாள் காலை பல் துலக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் நிற்கவே இல்லை. அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதுதான்.

அப்போது செம்பாக்கத்தில், ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம். மேற்குத் தாம்பரத்தில் எனக்குச் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முதல் சுற்று மருந்து முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். வைத்தியம் இரண்டு வருடத்துக்கு மேல் போகும். மருந்து நோயோடு சேர்த்து உடம்பின் காவலையும் அழித்துவிடும். மற்ற பிள்ளைகளுக்குத் தும்மலாக வந்துபோவது இவளுக்கு உயிர்போகிற விஷயமாகும் என்றார். துணிப் பொம்மை, பழைய காகிதம், பூச்செடி, வந்துபோகும் சொந்தக்காரர்கள் எதுவும் கூடாது. எல்லாவற்றையும்விடப் பூஞ்சைக்குப் பயப்படச் சொன்னார். பிறகு கேட்டார்: "வீட்டுச் சுவத்துல ஈரம் இருக்கா?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏரிப் பக்கத்து வீட்டில் ஈரம் இல்லாத சுவர் எங்கே இருக்கிறது? எனாமல் பெயின்ட் அடித்துவிடுகிறோம் என்றேன். அடித்தோம். ஒரு மாதத்தில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பி வந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே அவளுடைய பொம்மைகள், கதைப் புத்தகங்கள், படம் வரைந்த நோட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினேன். முதுகுத்தண்டில் ஊசி போட்டபோது அழாத பிள்ளை, அப்போது அழுதாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த கரடியைக் காட்டி, "அதுக்குக் காய்ச்சல் இல்லையே அத்தா" என்றாள். முன்னறையில் கொசுவலைக்குள் அவளும், வெளியே நாங்களுமாக நாட்கள் தொடங்கின. சுவரில் ஒரு பல்லி போனால் அது மறுபடி வரும்வரை பார்த்துக்கொண்டே கிடப்பாள்.

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். அவனோடு அறையில் இருந்தவர் வாரக் கடைசியில் சந்தைக்குப் போய்ப் படக் கார்டுகள் விற்பவர். பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்கள், பறவைகள், ராக்கெட்டுகள் என்று சீட்டு அளவில் இருக்கும். இவற்றைச் சேர்ப்பதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் உண்டாம். முனை மழுங்கியிருக்கிறதா, அச்சு நடுவில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பத்துக்கு இத்தனை மார்க் என்று போடுவதற்கு ஆட்களும் இருக்கிறார்களாம். மார்க் போட்டதும் கார்டைத் தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டி மூடி, மேலே மார்க்கை எழுதிவிடுகிறார்கள். குறைந்த மார்க் வாங்கியதை யாரும் சீந்துவதில்லை. அதில் கொஞ்சம் வாங்கி மச்சான் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான்.

பொட்டலத்தைப் பிரித்தபோது இதுவும் காகிதம்தானே என்று நான் அலுத்துக்கொண்டேன். ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த என் மனைவிதான் நிமிர்ந்தாள். "என்னங்க, காகிதம் உள்ளதான இருக்கு. வெளிய பிளாஸ்டிக்தானே. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமே."

அடுத்த முறை ஆஸ்பத்திரி போனபோது டாக்டரம்மாவிடம் ஒன்றைக் காட்டினோம். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, தினமும் துடைத்துக் கொடுத்தால் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அந்தக் கோணிப்பை கட்டிய நாளுக்குப் பிறகு அவள் கைக்கு வந்த முதல் விளையாட்டுச் சாமான் அதுதான். எங்கள் வீட்டில் அதற்குக் 'கண்ணாடிக் கார்டு' என்று பெயர் வந்தது.

அந்த ஆட்டக்காரர்கள் யாரென்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் அவளே அவர்களுக்கு வேலை கொடுத்தாள். தொப்பி சாய்த்துப் போட்டவர் தபால்காரர், மீசைக்காரர் ஸ்டேஷன் மாஸ்டர், பல்லெல்லாம் தெரியச் சிரித்தவர் பல் டாக்டர். மார்க்கையும் விடமாட்டாள். "இவரு நாலுதான் வாங்கியிருக்காரு. நல்லா படிக்கல" என்பாள். அவளுடைய ரத்த அறிக்கை வரும் நாளில், "எனக்கு இன்னிக்கு எத்தனை மார்க்?" என்றும் கேட்பாள்.

ஒவ்வொரு சுற்று மருந்துக்கும் ஒரு பொட்டலம் என்று மச்சான் அனுப்பிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகப் போகக் கார்டுகள் பெருகின. அவற்றை வைக்க இடம் வேண்டும். காற்றில் ஈரம் இருக்கும் வீட்டில், தூசி படியாமல், பூஞ்சை பிடிக்காமல், துடைக்கக்கூடியதாக, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். மருந்துக்குப் போனது போகக் கையில் நிற்பதற்குள் அடங்கவும் வேண்டும். பெரிய கடைகளில் மூடி இறுகிய பெட்டிகள் இருந்தன. விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

முதலில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வைத்தோம். ஒரு மழைக்கே அதன் அடியில் சாம்பல் நிறத்தில் பொடி பூத்தது. என் மனைவி பெட்டியை வெளியே வீசிவிட்டு, மகளின் கையையும் முகத்தையும் திரும்பத் திரும்பக் கழுவினாள். அன்று முழுக்க அவள் இருமுகிறாளா என்று மூவரும் கவனித்துக்கொண்டே இருந்தோம், அவள் உட்பட. கடையில் மூக்குக்கண்ணாடிக் கூடுகள் அடுக்கடுக்காக இருந்தன. வைத்துப் பார்த்தேன், நீளம் சரியாக இருந்தாலும் அகலம் போதவில்லை. கடைசியில் முறுக்கு போட்டு வைக்கும் பெரிய எவர்சில்வர் சம்படத்தைக் கழுவிக் காயவைத்து அதில் அடுக்கினேன். பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் அந்துருண்டை போட்டுவிடுங்கள் என்று பக்கத்து அச்சகக்காரர் சொன்னார். அதையும் போட்டு இறுக மூடினேன்.

சில வாரம் கழித்து ஒரு மதியம், கடைக்குப் போன் வந்தது. என் மனைவி பேசினாள். "சீக்கிரம் வாங்க. பாப்பாவுக்குக் கண்ணு மங்கலா தெரியுதாம்."

இந்த நோய் மூளையிலும் கண்ணிலும் போய் ஒளிந்துகொள்ளும் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். அங்கே மறுபடி தலைகாட்டினால் வைத்தியம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு உடம்பு தாங்குமா என்பதே சந்தேகம். கண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் அந்த ஒரு வரியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி பெட்டி பெட்டியாகப் போனபோது நான் வாய்விட்டு துஆ கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் திரும்பிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

வீட்டில் ஜன்னல் கம்பியில் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு கண்ணை என் உள்ளங்கையால் மூடினேன். மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை தடங்கலில்லாமல் வாசித்தாள். மறு கண்ணிலும் அப்படியே. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அட்டையைத் தள்ளிக் கட்டிவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவள் சலித்துக்கொண்டு, கையிலிருந்த கண்ணாடிக் கார்டை நீட்டினாள்.

"அதெல்லாம் நல்லா தெரியுது அத்தா. இவருதான் மங்கலா இருக்காரு."

வாங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் முழுக்க ஆவி படிந்ததுபோல் வெளுத்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. சம்படத்தைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. அந்த ஆவிதான் பிளாஸ்டிக்கை அரித்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுமில்லை. நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழியும்வரை அழுதேன்.

வெளுத்தவற்றைக் காற்றாட வைப்பதற்காகக் கடைக்கு எடுத்துப்போனேன். மற்றவற்றுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, எங்கள் வரிசையிலேயே வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தவர், சிடி வந்து வியாபாரம் படுத்துவிட்டதால் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். கேசட்டுகளைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டான். அவற்றின் தடித்த பிளாஸ்டிக் பெட்டிகள் மட்டும் நடைபாதையில் குவிந்து கிடந்தன. நான் ஒன்றை எடுத்து, பையிலிருந்த கண்ணாடிக் கார்டை உள்ளே வைத்துப் பார்த்தேன். மூன்று கார்டு தாராளமாகப் படுத்தது. மூடினால் 'க்ளிக்' என்று பிடித்துக்கொண்டது. கழுவலாம். புத்தகம் மாதிரி நிறுத்தி அடுக்கலாம்.

"இன்னா பாய், டப்பாவ அப்டி பாத்துகினு கீற?" என்று கடைக்காரர் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சாக்குப்பையை எடுத்துவந்து நீட்டி, "எல்லாத்தையும் எடுத்துக்கினு போ. எனக்கு இனிமே அது எதுக்கு?" என்றார்.

டெட்டால் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். கண்ணாடி ஃபிரேம் வரும் பெட்டிகளில் ஈரத்தை உறிஞ்சுவதற்குச் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்கள். பெட்டிக்கு ஒன்றாக அவற்றை உள்ளே வைத்தேன். கடையில் சும்மா கிடந்த அலமாரிக் கண்ணாடித் தட்டுகளைச் செங்கல் மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு கை தள்ளி, படுக்கையிலிருந்து அவளுக்கு எட்டும் உயரத்தில் ஒரு அலமாரி அமைத்தேன். செலவு என்று பார்த்தால் டெட்டால்தான். பெட்டியின் மேலுறையில் படம் செருகும் இடத்தில், புதுத் தாளில் மகள் கதவு நம்பர் எழுதிச் செருகினாள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு. மேல் தட்டு மெயின் ரோடு, கீழ்த் தட்டு ஏரிக்கரைத் தெரு. தபால்காரர் யார் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டால் திறக்காமலே சொல்வாள். எங்கள் வீட்டில் அந்தச் சில மாதம்தான் மூச்சு விட்டோம்.

அந்த வருடம் மழை பெய்தது பெய்தபடியே இருந்தது. ஏரி நிறைந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் காலை மகளைத் தொட்டால் கொதித்தது. மருந்து போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, உடம்பில் எதிர்ப்பு என்பதே இல்லாத நேரம். காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாசலில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓடியது. ஆஸ்பத்திரிக்கு எப்போதும் எங்களைக் கூட்டிப்போகும் வேன்காரரைக் கூப்பிட்டால் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது என்றார்.

அவளைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றித் தோளில் போட்டேன். அலமாரியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அவங்களையும் தூக்கிக்கங்க அத்தா." இப்போது முடியாது என்று கத்திவிட்டேன். என் மனைவி மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை உருவி முந்தானையில் செருகிக்கொண்டாள். தெருமுனையில் சாக்கடையும் சாலையும் ஒன்றாகக் கிடந்தன. காலால் தடவித் தடவி நடந்தேன். தோளில் கிடந்தவளின் சூடு சட்டையைத் தாண்டி என் கழுத்தில் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் வழுக்கியது. விழுந்தால் அந்தத் தண்ணீர் ஒரு மடக்கு போதும், அவளைக் கொன்றுவிட.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்று இன்னொன்றுக்கு மாறினார்கள். எத்தனை நாள் போனது என்பதை நான் கணக்கு வைக்கவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நர்ஸ் கதவைத் திறந்தால் எழுந்துவிடுவேன். எதிர்ப் படுக்கையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவளுடைய அம்மா என் மனைவியோடு சுடுதண்ணீர் ஃபிளாஸ்கைப் பகிர்ந்துகொள்வார். ஒரு காலையில் அந்த மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. என் மகள் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு மாற்றுத் துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்குப் போனேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு போட்டிருந்தது. செங்கல் சரிந்து கண்ணாடித் தட்டுகள் உடைந்து கிடந்தன. பெட்டிகள் மிதந்து போய்ச் சமையலறையிலும் கட்டிலடியிலும் ஒதுங்கியிருந்தன. ஒன்றைத் திறந்தேன். ஒட்டி மூடியது, எதுவும் புகாது என்று நாங்கள் நம்பியிருந்த கண்ணாடிக் கார்டுக்குள்ளேயே தண்ணீர் இருந்தது. சாய்த்தால் கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுவதுபோல் ஒரு குமிழி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது. உள்ளே ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் ஊதிப்போயிருந்தது.

அத்தனையையும் வாரிக் கடைக்குக் கொண்டுபோனேன். மின்விசிறிக்கு அடியில் பரப்பினேன். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தில் ஒன்றின் ஓரத்தைத் தேய்த்துப் பிளந்து பார்த்தேன். கார்டு கூழாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மச்சானுக்குப் போன் செய்தால், விட்டுவிடுங்கள், வேறு அனுப்புகிறேன் என்றான். எனக்கு வேறு வேண்டாம் என்று அவனிடம் சண்டை போட்டேன். அவன் என்ன செய்வான் பாவம். சில நாளில் பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள் வந்தன. துடைக்க முடியாத பூஞ்சை. நகராட்சி டிராக்டர் ஊறிப்போன மெத்தைகளை அள்ளிக்கொண்டு போன அன்று, மூட்டையை நானே அதன் மேல் தூக்கி வைத்தேன்.

அவளிடம் மறைக்க வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த ஒரு சாயங்காலம் சொன்னேன். அவள் மடியில் அம்மா எடுத்துவந்த அந்த ஒற்றைப் பெட்டி இருந்தது.

"எத்தனை பேரு போய்ட்டாங்க?"

"நிறைய பேரும்மா."

"கதவைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள இருந்தவங்களுமா?"

"ஆமாம்மா. தண்ணி உள்ள போயிடுச்சு."

அவள் எதிர்ப் படுக்கையைப் பார்த்தாள். அங்கே இப்போது வேறொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அந்தப் பாப்பாவும் போய்ட்டாதானே அத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். இவ்வளவு நாளும் அவள் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே படுத்திருக்கிறாள். பிறகு, குளிருகிறது, ஃபேனைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நுரையீரல் மெல்லத் தெளிந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு அவளைத் திருப்பிக் கூட்டிப்போக முடியாது. ஈரமில்லாத மாடி வீடு தேடி அலைந்தேன். சிலர் பெயரைக் கேட்டதும் வீடு பேசி முடித்தாயிற்று என்றார்கள். சிலர் நோய் என்னவென்று கேட்டுவிட்டு, ஒட்டிக்கொள்ளுமா என்று பின்வாங்கினார்கள். சேலையூரில் ஒருவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார். டிஸ்சார்ஜ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பகலில் வண்டியை ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் நிறுத்திவிட்டு, இனி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அரை மணி நேரம் அப்படியே நின்றேன்.

வண்டலூரில் ஒரு வீட்டு மாடி காலியாக இருக்கிறது என்று வேன்காரர் சொல்லிப் போனேன். வீட்டுக்காரம்மா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். பெயர், நோய், தினமும் டெட்டால் போட்டுத் துடைப்பது வரை. அவர் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "மேல சாயந்திர வெயில் நேரா சுவத்துல அடிக்கும் சார். ரொம்பக் காயும். அதனாலதான் யாரும் நிக்கறதில்ல. உங்களுக்குப் பரவால்லையா?"

வேகமாகத் தலையை ஆட்டினேன்.

அவளை நேரே அங்கே கூட்டிவந்தோம். சுவரில் கை வைத்தால் மாலையில் சுட்டது. கையோடு வந்த பெட்டியும், வெளுத்துப்போய்க் கடையில் தங்கியதால் பிழைத்த சில கார்டுகளும்தான் மிச்சம். அவற்றை வைக்க இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. வெயில் நிறத்தை உறிஞ்சிவிடும் என்று மச்சான் சொன்னதால் ஜன்னலுக்கு ஒரு தடித்த திரை வாங்கினோம். அதன் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் மருந்து போனது. இரண்டு தடவை மறுபடி ஆஸ்பத்திரியில் படுத்தாள். எங்களுக்குத் தைரியம் வரவே இல்லை. ஆனாலும் அவள் பிழைத்துவிட்டாள்.

வண்டலூருக்கு வந்த மறுநாள் விடியற்காலை, என் மனைவி தொழுதுகொண்டிருந்தபோது, எங்கோ தொலைவில் ஒரு பெரிய உறுமல் கேட்டது. தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. நான் பதறி எழுந்தேன். மகள் எனக்கு முன்பே விழித்திருந்தாள். முடியில்லாத தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள்.

"அத்தா, அது சிங்கமா?"

"ஆமா. இங்க பக்கத்துலதான் மிருகக்காட்சி சாலை இருக்கு."

"கூண்டுல எந்தப் பக்கம் நிக்குது? நம்ம வீட்டுப் பக்கமா?"

தெரியாது என்றேன். அவள் திரையை விலக்கிவிட்டுக் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அது இன்னொரு தடவை கத்துமா என்று காத்து நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.